சின்னவனை ஒன்றாம் ஆண்டுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

தீம்பாங்_அம்மா | 6 அக்டோபர் 2024

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துவிட்டுப் போகிறவள், எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்களுக்கு மலேசியாவில் சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம், வீட்டில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வோம். நான் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் தீம்பாங்கில், அதாவது லோரி எடை போடுகிற இடத்தில், கிராணி, வீட்டுக்காரர் அதே ஆலைக்குக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறார். மூத்தவள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு, அவளால் ஒரு தொல்லையும் இல்லை.

சின்னவன்தான். 2018-இல் பிறந்தவன், வருகிற பிப்ரவரியில் ஒன்றாம் ஆண்டு போக வேண்டும், தமிழ்ப்பள்ளியில் பதிவும் செய்தாகிவிட்டது. இப்போது தாமானில், அதாவது பக்கத்துக் குடியிருப்பில், ஒரு பாலர் பள்ளிக்குப் போகிறான். மார்ச் மாதத்திலிருந்து ஒரு நாள்கூட அழாமல் வேனில் ஏறியதில்லை. வீட்டில் வாய் மூடாதவன், லயத்தில் இருக்கிற அத்தனை கோழிக்கும் பெயர் வைத்தவன், அங்கே போனால் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். 'உங்கள் பையன் கொஞ்சம் லம்பாட், மந்தம்' என்று டீச்சர் என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் போனில் ஒரு வீடியோ பார்த்தேன், கோலாலம்பூரில் ஓர் அம்மா பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறார். சுவர் முழுக்க அலமாரி, மரத்தில் செய்த எழுத்து, பிள்ளைக்கு ஒரு மேசை. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே பாதியைத் தையல் மிஷின் பிடித்துக்கொண்டது. நான் காலை ஏழிலிருந்து மூன்று வரை வேலை, மாமியார் வீட்டில் இருக்கிறார். நமக்கெல்லாம் இது ஆகுமா? சட்டம் விடுமா? என்ன வாங்க வேண்டும், எந்த சிலபஸ்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாத்தியார்_ஓய்வு | 6 அக்டோபர் 2024

அம்மா, அலமாரியை அப்புறம் வாங்கலாம், முதலில் சட்டம். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 29ஏ என்று ஒரு பிரிவு உண்டு, 2003-இலிருந்து நடப்பில் இருக்கிறது. ஜனவரி முதல் தேதியில் ஆறு வயது நிறைந்த பிள்ளையை, பெற்றோர் மலேசியக் குடிமக்களாக இங்கேயே வசிப்பவர்களாக இருந்தால், அந்த ஆண்டே தொடக்கப்பள்ளியில் சேர்த்தாக வேண்டும், ஆறு ஆண்டும் அங்கே இருக்க வேண்டும். மீறினால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்கள் பையன் கணக்குப்படி அடுத்த பிப்ரவரி அந்த வரம்புக்குள் வருகிறான்.

விலக்கு தருகிற அதிகாரம் அமைச்சருக்கு உண்டு, அதுவும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் 'எனக்கு விருப்பம்' என்று எழுதிக் கொடுத்தால் கிடைக்கிற காரியம் அல்ல. நான் பணியில் இருந்த காலத்தில் என் காதுக்கு வந்தவை எல்லாம் கடுமையான நோய், நீண்ட மருத்துவம், அப்படிப்பட்டவைதான். பதிவு செய்துவிட்டு அனுப்பாமல் இருந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். பாவம், அதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் உங்கள் ஊர்த் தலைமையாசிரியர்தான்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 150 பேருக்குக் கீழே இருந்தால் அரசாங்கக் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. நம் தோட்டத்துப் பள்ளிகள் பல அந்தப் பட்டியலில்தான் கிடக்கின்றன. முப்பது பேர் இருக்கிற பள்ளியில் ஒரு பிள்ளை குறைந்தால் ஒரு நாற்காலி காலி என்பதோடு முடியாது.

லோரிக்காரன்77 | 6 அக்டோபர் 2024

நானும் லோரிதான் தங்கச்சி. படிப்பு விஷயம் எனக்குத் தெரியாது, நமக்கு ஐந்தாம் படிவத்தோடு சரி. ஒன்று மட்டும் கேட்கிறேன், நாள் பூராவும் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு யார் கத்துவது? என் வீட்டில் பள்ளி விடுமுறை இரண்டு வாரம் தாண்டினால் என் வீட்டுக்காரி என்னை நீண்ட தூரம் போகிற லோரியாகப் பார்த்து எடுக்கச் சொல்வாள். பையன் அழுதால் அழட்டும், நாமும் அழுதோம்தானே.

மூன்றுபிள்ளைக்காரி | 7 அக்டோபர் 2024

தீம்பாங்_அம்மா, நான் சுங்கை சிப்புட். எனக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு பேர் வீட்டில் படிக்கிறார்கள், கடைசி தமிழ்ப்பள்ளியில். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

2020 மார்ச் 18, கோவிட் நேரத்து நடமாட்டக் கட்டுப்பாடு எம்சிஓ வந்த அன்றைக்கு எல்லாரையும் போல நானும் வீட்டில் பள்ளி தொடங்கினேன். பெரியவன் அப்போது மூன்றாம் ஆண்டு. வாத்தியார் ஐயா சிரிக்கக் கூடாது, காலை ஏழரைக்கு நிற்க வைத்து தேசிய கீதம் நெகாராகூ பாட வைத்தேன். எட்டுக்கு மலாய், எட்டே முக்காலுக்குக் கணிதம், பத்துக்கு ஓய்வு, மணிக்குப் பதில் டம்ளரில் கரண்டி. நான்காவது நாள் பையன் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பெண் ஒர்க்ஷீட் பேப்பரை நான்காக மடித்து நாற்காலிக் கால் ஆடாமல் இருக்கக் கீழே வைத்திருந்தாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பள்ளியில் முப்பது பேரை ஒருவர் சமாளிக்க வேண்டியிருப்பதால் அங்கே மணியும் வரிசையும் தேவைப்படுகிறது. இரண்டு பேருக்கு எதற்கு நாற்பத்தைந்து நிமிடப் பாடம்? அது எனக்கு உறைக்கவே ஒரு மாதம் ஆனது.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு மேசைப்பாடம் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதுவும் அதிகம், இருபது நிமிடமாக இரண்டு தடவை போதும். மற்ற நேரத்தில் பால் கணக்கு எழுதுவது, கடை ரசீது கூட்டுவது, தாத்தாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது.

சட்டம் விஷயம் வாத்தியார் ஐயா சொன்னதுதான். நடு மகளுக்குச் சிறுநீரகத்தில் கோளாறு, மாத்திரையால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும், சளி பிடித்தால் மருத்துவமனை. அவளுக்கு மட்டும் விலக்கு கேட்டேன். நிபுணர் கடிதம், நான் என்ன சொல்லித் தருவேன், எப்போது, யார் என்று எல்லாம் எழுதிக் கொடுத்தேன், ஒரு கையெழுத்துக்காக நாலு முறை பட்டணம் போனேன், பல மாதம் கழித்துத்தான் வந்தது. பெரியவன் ஆறாம் ஆண்டு வரைக்கும் பள்ளியில்தான் இருந்தான். அப்போது கட்டாயம் தொடக்கப்பள்ளிக்கு மட்டும்தானே, அது முடிந்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடைசிக்கு ஒரு நோயும் இல்லை, பள்ளியும் பிடித்திருக்கிறது, போகிறாள்.

அதனால் முதலில் எதையும் வாங்காதீர்கள். இரண்டு வாரம் பையனைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எதைத் தொட்டால் நேரம் போவது தெரியாமல் இருக்கிறான், எதைக் கண்டால் ஓடுகிறான், பாலர் பள்ளியிலிருந்து வந்ததும் முதல் அரை மணி என்ன செய்கிறான். மூத்தவளின் பழைய நோட்டில் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

வாத்தியார்_ஓய்வு | 7 அக்டோபர் 2024

நெகாராகூவுக்குச் சிரிக்கத்தான் செய்தேன் அம்மா, மன்னிக்கவும். உங்கள் மகளுக்கு நீங்கள் செய்தது சரி, அதை யாரும் குறை சொல்ல முடியாது. என் பயம் வேறு. இப்போது போனில் பார்த்துவிட்டு எல்லாரும் 'பள்ளி சரியில்லை, வீட்டிலேயே' என்று கிளம்பினால் முதலில் போவது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. பினாங்கில் 1816-இல் ஒரு தமிழ் வகுப்பாகத் தொடங்கியது இது. தோட்டத்தில் பத்துப் பிள்ளை இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்ட காலத்தில், அந்தப் பத்துப் பேரைத் தேற்றுவதற்கு வீடு வீடாகப் போன கங்காணிகள் கதையை என் அப்பா சொல்வார். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் ஒன்றாம் ஆண்டில் நாலு பேர். நாலு பேருக்கு ஒரு வாத்தியார். நீங்கள் வீட்டில் தர நினைக்கிற கவனிப்பு அங்கே ஏற்கெனவே இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

மூன்றுபிள்ளைக்காரி | 7 அக்டோபர் 2024

ஐயா, பள்ளியைக் காப்பாற்றுகிற பொறுப்பை ஆறு வயதுப் பிள்ளை தலையில் வைக்காதீர்கள். அது நம் வேலை. அவன் வேலை இல்லை. ஆனால் நாலு பேர் வகுப்பு என்பது நல்ல விஷயம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

கூலிம்_அப்பா | 8 அக்டோபர் 2024

எல்லாரும் சட்டம், பள்ளி என்று போய்விட்டீர்கள். நான் ஒன்று கேட்கிறேன் தங்கச்சி: அந்தப் பாலர் பள்ளியில் டீச்சர் என்ன மொழியில் பேசுகிறார்?

என் மகளுக்கு ஆட்டிசம். அவளுக்கு மூன்று வயதில் 'பேச்சு மெதுவாக வரும், விடுங்கள்' என்று சொன்னவர்கள் பத்துப் பேர், அதை நம்பி ஒரு வருடம் தொலைத்தேன். அதனால் உங்களிடம் சொல்கிறேன், முதலில் அரசாங்க கிளினிக்கில் காட்டி, காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள். தேவை என்றால் அங்கிருந்து மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். 2019-இலிருந்து அரசாங்கப் பள்ளியில் மாற்றுத்திறன் பிள்ளை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை இருக்கிறது. என் மகள் இப்போது பிபிகேஐ என்கிற சிறப்புக் கல்வி வகுப்பில்தான் இருக்கிறாள். இடையில் ஒரு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தோம், மகள் தாக்குப் பிடித்தாள், என் மனைவி பிடிக்கவில்லை. எட்டு மாதத்தில் பத்துக் கிலோ குறைந்துபோனாள். இதை யாரும் வீடியோவில் போட மாட்டார்கள்.

ஆனால் உங்கள் பையன் வீட்டில் வாய் மூடாமல் பேசுகிறான், கோழிக்குப் பெயர் வைக்கிறான். அதுதான் எனக்கு இடிக்கிறது.

தீம்பாங்_அம்மா | 8 அக்டோபர் 2024

அண்ணே, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். டீச்சர் மலாய்தான் பேசுகிறார். முழுக்க மலாய். எங்கள் வீட்டில் யாரும் மலாய் பேசுவதில்லை, நான் ஆலையில் பேசுவதோடு சரி. மூத்தவள் தமிழ்ப்பள்ளியோடு ஒட்டின பாலர் பள்ளியில் படித்தாள், இவன் காலத்தில் அங்கே இடம் முடிந்துவிட்டது என்று தாமானில் போட்டோம். ஏழு மாதமாக அவன் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கிறான். நான் என் பிள்ளையைத்தான் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் அவனிடம் மெதுவாகக் கேட்டேன், அங்கே ஒன்றுக்கு வந்தால் என்ன சொல்வாய் என்று. 'சொல்லத் தெரியாது, வீட்டுக்கு வந்து போவேன்' என்கிறான்.

லோரிக்காரன்77 | 8 அக்டோபர் 2024

தங்கச்சி, நான் அன்றைக்கு அழட்டும் என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வாத்தியார்_ஓய்வு | 9 அக்டோபர் 2024

அப்படியானால் உங்கள் விஷயம் சுலபமாகிவிட்டது. கட்டாயம் என்பது ஒன்றாம் ஆண்டிலிருந்துதான். பாலர் பள்ளி கட்டாயம் இல்லை. நாளைக்கே நிறுத்தினாலும் யாரும் கேட்க முடியாது. பிப்ரவரி வரைக்கும் நாலு மாதம் இருக்கிறது, நீங்கள் நினைத்த வீட்டுப்பள்ளியை இப்போதே நடத்திப் பாருங்கள். நடத்திப் பார்த்த பிறகு மேற்கொண்டு பேசலாம்.

எழுத்து சொல்லித் தரும்போது அ, ஆ, இ, ஈ என்று வரிசையாகப் போகாதீர்கள். இருநூற்று நாற்பத்தேழும் எங்கேயும் ஓடிவிடாது. ட, ப, ம இந்த மூன்றையும் எடுங்கள், பெரும்பாலும் நேர்க்கோடு, சின்னக் கைக்கு எளிது. மூன்றே எழுத்தும் புள்ளியும் வைத்துப் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் நாளே வார்த்தை படித்துவிடுவான். வார்த்தை படித்த பிள்ளை அடுத்த எழுத்தைத் தானே கேட்கும். அதற்குப் பிறகு ர, த, ந. சுழி எழுத்துகள் கடைசியில்.

மலாயைப் பாடமாக வைக்காதீர்கள், பேச்சாக வையுங்கள். எழுத்து பிறகு ஒரு மாதத்தில் வந்துவிடும், ஏனென்றால் அது சொல்கிறபடியே எழுதுகிற மொழி, பா-ஜு, போ-லா என்று அசையைச் சேர்த்தால் முடிந்தது. முதல் வாக்கியம் 'சிக்கு, சாயா நாக் பெர்கி தண்டாஸ்', டீச்சர், நான் கழிவறைக்குப் போக வேண்டும். சிரிப்புக்குச் சொல்லவில்லை.

மூன்றுபிள்ளைக்காரி | 9 அக்டோபர் 2024

ஐயா சொன்ன ட, ப, ம-வை நான் மணலில் எழுத வைத்தேன், பழைய முறுக்குத் தகரத்தில் மணல். செலவு பூஜ்யம். வாங்கியது என்று பார்த்தால் 2 வெள்ளி கடையில் சின்ன வெள்ளைப் பலகை, கட்டம் போட்ட நோட்டு, அவ்வளவுதான். கல்வி அமைச்சின் டிடிக் டிவி 2021-இலிருந்து ஓடுகிறது, காசு கட்ட வேண்டியதில்லை, மலாய் காதில் விழ அது நல்லது. பக்கத்திலேயே நீங்களும் உட்கார வேண்டும். டிவியை ஆயாவாக ஆக்கிவிட்டு நாம் துணி துவைக்கப் போனால் நடக்காது, எனக்குத் தெரியும், நான் துவைத்தவள்.

அப்புறம் நீங்கள் வேலைக்குப் போகிற நேரத்தில் மாமியார்தானே இருப்பார்? அவரையும் கணக்கில் சேருங்கள். பாடம் நடத்தச் சொல்லாதீர்கள். கதை சொல்லட்டும்.

தனித்தேர்வன் | 12 அக்டோபர் 2024

குளுவாங்கிலிருந்து. நான் இரண்டாம் படிவத்துக்குப் பிறகு வீட்டில் படித்தவன், அப்பா அடிக்கடி வேலை மாறியதால். ஆறு வயதுப் பையன் கதையில் எனக்கு வேலை இல்லை, இருந்தாலும் நாளைக்கு நீண்ட தூரம் போக நினைப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் என் அம்மா அப்பாவுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

ஆறாம் ஆண்டுத் தேர்வு யுபிஎஸ்ஆர் 2021-இல் போனது, மூன்றாம் படிவத் தேர்வு பிடி3 2022-இல் போனது, இப்போது வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு முன்னால் நிற்கிற பெரிய மதில் ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு ஒன்றுதான். தனிப்பட்ட தேர்வராக எழுதலாம், பள்ளியில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் பஹாசா மெலாயுவும் (மலாய்) செஜாராவும் (வரலாறு) தேறாவிட்டால் சான்றிதழே இல்லை. நான் கணிதத்தில் மூழ்கிவிட்டு செஜாராவைக் கடைசி நாலு மாதத்தில் தொட்டேன், அந்த நாலு மாதத்தை இன்னமும் கனவில் பார்க்கிறேன். ஐஜிசிஎஸ்இ என்கிற பிரிட்டிஷ் தேர்வுப் பக்கம் போகிறவர்களும் இருக்கிறார்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகக் காசு. தோட்டத்துக் குடும்பத்துக்கு அது கை கடிக்கும். பிறகு அரசாங்க வேலை என்று போனால் எஸ்பிஎம் மலாய் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

எனக்குக் குறையாகப் போனது இரண்டு. ஆய்வுக்கூடம். ரசாயனத்தில் கரைசல் நிறம் மாறுவதை நான் படத்தில்தான் பார்த்தேன். இரண்டாவது, பந்து. பதினான்கு வயதில் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திடலுக்குப் போனால் எல்லாரும் வகுப்புத் தோழர்கள், நான் மட்டும் விருந்தாளி.

மூன்றுபிள்ளைக்காரி | 12 அக்டோபர் 2024

தம்பி, அந்தப் பந்து விஷயத்துக்கு என்னிடமும் பதில் இல்லை. பெரியவனைக் கோவில் உறுமி மேளக் குழுவில் சேர்த்தேன், அது கொஞ்சம் தாங்குகிறது. செஜாராவை நாளைக்கே தொடங்கச் சொல்கிறேன்.

தீம்பாங்_அம்மா | 3 நவம்பர் 2024

தீபாவளி முடிந்து இன்றைக்குத்தான் கை ஓய்ந்தது. பலகாரம் எல்லாருக்கும் இங்கிருந்தே.

பாலர் பள்ளியை நிறுத்திவிட்டேன். காதும் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை. முதல் வாரம் நான் மூன்றரைக்கு வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, நாலரைக்கு உட்கார்ந்தால் எனக்கே கண் சொருகியது, அவன் மேசைக்கு அடியில். சரி என்று நேரத்தை மாற்றினேன், காலையில் பசியாறும்போது பத்து நிமிடம், ராத்திரி சோற்றுக்குப் பிறகு கால் மணி. ட, ப, ம ஒரே நாளில் வந்தது ஐயா. 'மட்டம்' என்று படித்துவிட்டு அப்பாவைப் பார்த்து 'அப்பா மட்டம் போட்டார்' என்றான். எங்கே பிடித்தான் தெரியவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது மாமியாரைப் பற்றி. அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். 'நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்கப் போறேன்' என்று ஒதுங்கிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் வேலை விட்டு வருகிறேன், இரண்டு பேரும் வாசலில் செம்பனைப் பூவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் செம்பனையில் காய் பிடிக்க வேண்டும் என்றால் பெண்கள்தான் மரம் மரமாகப் போய் ஆண் பூவின் மாவைப் பெண் பூவின் மேல் அடிப்பார்களாம், மாமியார் கல்யாணமான புதிதில் அந்த வேலைதான் பார்த்தாராம். பிறகு ஒரு வண்டு வந்தது, எங்கள் வேலை போனது என்கிறார். நான் கதை என்று நினைத்து ஆலையில் ஒரு மேலாளரைக் கேட்டால் உண்மையாம், 1981-இல் ஆப்பிரிக்காவில் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட வண்டு. இப்போது எல்லாத் தோட்டத்திலும் பூவுக்குப் பூ அதுதான் வேலை பார்க்கிறது. பையன் ஆண் பூவை உதறி அந்த வண்டைத் தேடிப் பிடித்து, அரிசி அளவுகூட இல்லை, பாட்டியிடம் காட்டி 'இதுவா உங்க வேலையை எடுத்துச்சு' என்று கேட்டிருக்கிறான். அவர் என்ன பதில் சொன்னார் என்று இரண்டு பேருமே சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

மட்டை வெட்டின தழும்பு மரத்தைச் சுற்றி ஏணி மாதிரி சுருண்டு போகும் இல்லையா, அதையும் எண்ண வைத்திருக்கிறார். எட்டு வரிசை. எந்த மரத்தில் எண்ணினாலும் எட்டு என்று பையன் சத்தியம் செய்கிறான். பதினைந்து வருடம் அந்த மரத்துக்கு நடுவில் இருக்கிறேன், நான் எண்ணினதே இல்லை.

வாத்தியார்_ஓய்வு | 3 நவம்பர் 2024

எட்டுதான். பையன் பேச்சை நம்புங்கள். உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் அவனுக்குச் சொல்லுங்கள். நாட்டிலேயே வியாபாரத்துக்காகச் செம்பனை முதலில் நட்டது உங்கள் ஊர்ப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில், 1917-இல், ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். செம்பனை நட்ட தோட்டத்துக்குப் பெயர் தென்னமரம். ஏன் அப்படி என்று அவனையே யோசிக்க விடுங்கள். செஜாராவைக் கண்டு குளுவாங் தம்பி மாதிரி பயப்பட வேண்டியிருக்காது.

லோரிக்காரன்77 | 4 நவம்பர் 2024

நான் பத்து வருடமாக தென்னமரத்தில் குலை ஏற்றுகிறேன், இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். என் மகளிடம் சொன்னேன், 'அப்பா, இது பாடத்தில் இருக்கா' என்கிறாள். இல்லை என்றதும் போனுக்குள் போய்விட்டாள்.

பக்கத்திலேயே இருக்கிறீர்கள், கம்போங் குவாந்தான் போய் மின்மினி காட்டுங்கள் தங்கச்சி. ராத்திரி எட்டு மணிக்கு மேல், நிலா இல்லாத நாளாகப் பாருங்கள். சம்பானில் போகும்போது பெரம்பாங் மரம் பூராவும் ஒரே நேரத்தில் மின்னி மின்னி அணையும். என் லோரி சிக்னல் மாதிரி. போனைத் தூக்கி வெளிச்சம் அடிக்காதீர்கள், படகுக்காரர் திட்டுவார், நான் திட்டு வாங்கியவன்.

கூலிம்_அப்பா | 4 நவம்பர் 2024

தீம்பாங்கில் இருக்கிறீர்கள், மூத்தவளுக்குக் கணக்கு உங்கள் மேசையிலேயே கிடக்கிறது. லோரி குலையோடு 18,460 கிலோ, காலியாக 7,120, குலை எவ்வளவு என்று கேளுங்கள். 11,340 வந்ததும் நூறு கிலோ குலைக்கு ஏறக்குறைய இருபது கிலோ எண்ணெய் என்று சொல்லி அடுத்ததைக் கேளுங்கள். என் மகளுக்குப் பேச்சு குறைவு, ஆனால் எடை என்றால் உயிர். அவள் தராசில் வைக்காத பொருள் எங்கள் வீட்டில் பூனை மட்டும்தான், அதுவும் அது ஓடிவிடுவதால்.

தீம்பாங்_அம்மா | 12 ஜனவரி 2025

இடையில் எழுத முடியவில்லை. மறைக்காமல் சொன்னால் டிசம்பர் பூராவும் ஒன்றுமே நடக்கவில்லை. ஆலையில் ஆள் குறைவு, எனக்கு ஓவர்டைம், வீட்டுக்காரர் முதுகு வலியால் படுத்துவிட்டார். மூன்று வாரம் பையன் ஒரு எழுத்தும் எழுதவில்லை. 'இதற்குத்தான் பள்ளி வேண்டும் என்றார்கள்' என்று எனக்கே தோன்றியது. கோலாலம்பூர் அம்மா வீடியோவை மறுபடி பார்த்தேன், அவர் வேலைக்குப் போகிறவர் இல்லை என்பது இந்தத் தடவைதான் கண்ணில் பட்டது.

மலாய் மட்டும் நகர்ந்திருக்கிறது. பக்கத்துக் கடை மக்சிக்கிடம் (மலாய்க்கார அத்தை) தினமும் அவனையே அனுப்பினேன், கையில் ஒரு வெள்ளி. முதல் வாரம் விரலை நீட்டி வாங்கினான். இப்போது 'மக்சிக், தெலூர் துவா', முட்டை இரண்டு, என்கிறான், மீதிக் காசையும் எண்ணிப் பார்க்கிறான்.

தமிழ்ப்பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தேன். ஒன்றாம் ஆண்டுக்கு இவனோடு சேர்த்து ஏழு பேர். நான் பாலர் பள்ளிக் கதையைச் சொன்னேன், அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். முதல் மாதம் தண்டாஸுக்குக் கேட்காமலே போகலாம், நான் டீச்சரிடம் சொல்லிவிடுகிறேன் என்றார். அனுப்பப் போகிறேன். மூன்றுபிள்ளைக்காரி அக்கா, கோபம் இல்லையே?

மூன்றுபிள்ளைக்காரி | 12 ஜனவரி 2025

எனக்கு என்ன கோபம்? நானே ஒன்றை அனுப்புகிறவள். ஒன்று மட்டும், பள்ளி தொடங்கியதும் அந்தக் காலைப் பத்து நிமிடத்தையும் மாமியார் வாசல் வகுப்பையும் நிறுத்திவிடாதீர்கள். பள்ளி வீட்டுப்பாடம் வந்து அந்த நேரத்தைத் தின்னப் பார்க்கும், விடாதீர்கள். டிசம்பரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், எனக்கு வருடத்துக்கு இரண்டு டிசம்பர் வரும்.

தனித்தேர்வன் | 13 ஜனவரி 2025

ஏழு பேர் என்றால் பந்துக்கு ஒரு பக்கம் மூன்றரை ஆள். இருந்தாலும் பரவாயில்லை, போகட்டும்.

தீம்பாங்_அம்மா | 23 பிப்ரவரி 2025

பள்ளி 17-ஆம் தேதி திறந்தது. முதல் நாள் அழுதான், ஆனால் வேனுக்குள் ஏறிய பிறகு. இரண்டாம் நாள் அழவில்லை. மூன்றாம் நாள் டீச்சர் போனில் கூப்பிட்டார், எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஒன்றும் இல்லை, பையன் வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கிறானாம், அதுவும் செம்பனை வண்டைப் பற்றி, தீப்பெட்டியில் நாலைந்து கொண்டு போயிருக்கிறான், இரண்டு வெளியே வந்துவிட்டதாம். கொஞ்சம் சொல்லி வையுங்கள் என்றார்.

ராத்திரி சொல்லி வைக்க உட்கார்ந்தேன். மாமியார் உள்ளேயிருந்து 'தீப்பெட்டியில ஓட்டை பெருசா போட்டுட்டேன்' என்கிறார்.

லோரிக்காரன்77 | 23 பிப்ரவரி 2025

தங்கச்சி, அந்தப் பாட்டிக்கு வேறு ஏதாவது வகுப்பில் இடம் இருக்கிறதா? என் மகளை அனுப்ப வேண்டும்.